சொன்னது யார்? – கடிதம்

அன்புள்ள அய்யா,

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர்களைக் கவனித்துக்கொள்பவளாக, இருக்கிறேன். தமிழ்வழியில் படித்தவள். போன வாரம் எங்களிடம் வாங்கும் பையருக்கு எழுதிய மெயிலில், சாயப்பட்டறை வெள்ளிக்கிழமை துணி தரும் என்று சொன்னதை ‘டையிங் யூனிட் டோல்ட் தட் தே வில் டெலிவர் ஆன் ஃப்ரைடே’ என்று எழுதிவிட்டேன். மேலாளர் அதை எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படித்துச் சிரித்தார். ‘செட் தட்’ (said that) சரி என்றால் ‘டோல்ட் தட்’ (told that) ஏன் தவறு? தட் எங்கே போட வேண்டும், எங்கே விடலாம்? தமிழில் யோசித்து எழுதுவதால்தான் இப்படி ஆகிறதா? என் நான்கு வயது மகனிடம் இனி வீட்டில் ஆங்கிலத்திலேயே பேசலாம் என்று இருக்கிறேன்.

எம்.

அன்புள்ள எம்.,

கடைசியிலிருந்து தொடங்குகிறேன். மகனிடம் தமிழில் பேசுங்கள். ஒரு மேலாளர் சிரித்ததற்கு நான்கு வயதுக் குழந்தையா தண்டனை அனுபவிப்பது? உங்களுக்கே தடுமாறும் மொழியில் அவனை எப்படிக் கொஞ்சுவீர்கள், எப்படிக் கதை சொல்லித் தூங்கவைப்பீர்கள்? இதை இன்னொரு முறை என்னிடம் கேட்காதீர்கள்.

சிரித்தவர் செய்தது சின்னத்தனம். தனியாகக் கூப்பிட்டு ஒரு நிமிடத்தில் திருத்தியிருக்கலாம். அன்றைக்கு ராத்திரி நீங்கள் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டீர்கள் என்று தோன்றுகிறது. அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம். ‘டோல்ட்’ செய்தியை மட்டும் கேட்காது, ஆளையும் கேட்கும். யாரிடம் சொன்னார் என்று பக்கத்திலேயே வர வேண்டும்: ‘டோல்ட் மீ தட்’, ‘டோல்ட் அஸ் தட்’. ‘செட்’டுக்கு ஆள் தேவையில்லை. ‘எக்ஸ்பிளெய்ன்’ ஆளை ஏற்கும், ஆனால் நடுவில் ஒரு ‘டு’ வேண்டும்: ‘எக்ஸ்பிளெய்ன்ட் டு மீ தட்’. ‘ஹோப்’ தட்டை ஏற்கும். அர்த்தத்தில் அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் ‘வான்ட்’ ஏற்காது, ‘ஐ வான்ட் யூ டு கம்’ என்றுதான் போக வேண்டும். இதற்கெல்லாம் ஒரே சூத்திரம் கிடையாது. ஒவ்வொரு வினையையும் அதன் பழக்கத்தோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். தமிழில் ‘சொன்னார்’ என்ற ஒரே சொல் செட், டோல்ட் இரண்டின் வேலையையும் பார்க்கிறது. நீங்கள் வழுக்கிய இடம் அது.

ஆனால் இது தமிழர்களுக்கு மட்டும் நேர்வதில்லை. ஏ. எஸ். ஹார்ன்பி என்ற ஆங்கிலேயர் 1924-ல் ஜப்பானுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போனார். மாணவர்கள் இப்படித் தவறு செய்யாமலிருக்க, வினைகளை அவற்றின் பழக்கப்படி வாய்பாடுகளாகப் பிரித்தார். ‘இன்டென்ட் டு கம்’ சரி, ‘வான்ட் டு கம்’ சரி என்றால் மாணவன் ‘சஜஸ்ட் டு கம்’ என்றும் எழுதத்தான் செய்வான். ‘டெல் மீ’ சரி என்றால் ‘எக்ஸ்பிளெய்ன் மீ’ என்றும் சொல்வான். அவன் மூளை ஒழுங்காக வேலை செய்கிறது, அதனால்தான் தவறு வருகிறது. ஹார்ன்பியும் இரண்டு சகாக்களும் 1942-ல் டோக்கியோவில் வெளியிட்ட அகராதிதான் பிற்பாடு உலகமெங்கும் மாணவர்கள் கையில் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி ஆனது. உங்கள் தவறு எவ்வளவு மரியாதையான தவறு என்று பாருங்கள்.

தட்டை எங்கே விடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். திங்க் (think), நோ (know), சே (say) மாதிரி அன்றாட வினைகளுக்குப் பின்னால் பேச்சில் விட்டுவிடலாம். எழுத்தில், குறிப்பாக நடுவில் கிழமையோ தேதியோ வந்தால், போட்டுவிடுங்கள். ‘செட் ஆன் மண்டே தே வுட் ஷிப்’ என்றால் சொன்னது திங்கட்கிழமையா, கப்பலேற்றுவது திங்கட்கிழமையா என்று பையர் குழம்புவார். அவ்வளவுதான்.

சில நாட்களாக என் மனதில் ஓடிக்கொண்டிருப்பது வேறொன்று. ஆங்கில வாக்கியத்தில் சொன்னவர் முதலில் வருகிறார், அடுத்து வினை, அப்புறம் தட், கடைசியில்தான் செய்தி. செய்தி வருவதற்குள் அது யாருடைய வார்த்தை, எவ்வளவு நம்பலாம் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. தமிழில் பெரும்பாலும் செய்தி முழுவதும் வந்து முடிந்த பிறகு ‘என்று கூறினார்’ வருகிறது.

இருபத்தைந்து வருடங்களுக்கு முன்னால் ஒரு நாளிதழில் ஏஜென்சி செய்திகளை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பஞ்சாலையில் நாற்பது பேரை வெளியே அனுப்பிவிட்டார்கள். ஆங்கிலச் செய்தியில் ‘மேனேஜ்மென்ட் க்ளெய்ம்ட் தட்’ என்று, அதாவது இது நிர்வாகத்தின் கூற்று மட்டுமே என்று தொடங்கி, அவர்கள் தாங்களாகவே வேலையை விட்டார்கள் என்று இருந்தது. நான் எழுதினேன்: ‘தொழிலாளர்கள் தாங்களாகவே வேலையை விட்டுச் சென்றனர் என்று நிர்வாகம் கூறியது.’ இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ராத்திரி பக்கம் கட்டும்போது இடம் போதவில்லை. யாரோ கடைசி வரியை வெட்டி, ‘சென்றனர்’ என்ற இடத்தில் முற்றுப்புள்ளி வைத்துவிட்டார்கள்.

மறுநாள் மத்தியானம் பெரியவர் ஒருவர் பேப்பரை நாலாக மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். கோபப்படவில்லை. “தம்பி, நாங்களா போனோம்?” என்று கேட்டார். பிறகு, “நல்ல வேலையை எதுக்கு விட்டீங்கன்னு சம்பந்தி வீட்ல கேக்குறாங்க” என்றார். இரண்டு நாள் கழித்து ஒரு மூலையில் திருத்தம் போட்டோம். அதை அவர் சம்பந்தி வீட்டில் யார் படித்திருப்பார்கள்?

அந்த ஆங்கில வாக்கியத்தைக் கடைசியில் எங்கே வெட்டியிருந்தாலும் ‘க்ளெய்ம்ட்’ தலையில் நின்றிருக்கும். தமிழுக்கு அந்த வசதி இல்லை என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். தவறு. நான் ‘தொழிலாளர்கள் தாங்களாகவே வேலையை விட்டுச் சென்றதாக நிர்வாகம் கூறுகிறது’ என்று எழுதியிருக்க வேண்டும். ‘சென்றதாக’ என்ற சொல்லுக்குப் பின்னால் எவராலும் முற்றுப்புள்ளி வைக்க முடியாது. சந்தேகம் அந்த வினையின் வாலிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘அவன் வந்தது தெரியும்’ என்றால் வந்தது நிச்சயம். ‘அவன் வந்ததாகச் சொல்கிறார்கள்’ என்றால் பொறுப்பு சொன்னவர்களுடையது. ‘வந்தான் என்று நினைத்தேன்’ என்றால் அது என் நினைப்பு மட்டும். இத்தனை வசதியைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ‘என்று கூறினார்’, ‘என்று தெரிவித்தார்’ என்று ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஒருவர் ஒப்புக்கொண்டதும், குற்றம்சாட்டியதும், மழுப்பியதும் ஒரே ‘தெரிவித்தார்’ ஆகிவிடுகின்றன. இது சோம்பேறித்தனம். இதனால் மனிதர்களுக்குக் கெடுதல் நடக்கிறது.

ஆங்கிலத்தில் தட் எதையும் சொல்வதில்லை. அது பழைய காலத்தில் நம் ‘அது’ போன்ற ஒரு சுட்டுச்சொல். ‘எனக்கு அது தெரியும்: அவன் வருகிறான்’ என்று சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தது, நாளடைவில் பின்னால் வரும் வாக்கியத்தோடு ஒட்டிக்கொண்டது என்று சொல்வார்கள். உண்மைக்கும் அதே தட், பொய்க்கும் அதே தட். அதனால் முழுப் பாரமும் முன்னால் நிற்கும் வினைமேல் விழுகிறது. பால் கிபார்ஸ்கி, கரோல் கிபார்ஸ்கி என்ற இரு மொழியியலாளர்கள் 1970-ல் இதை விரிவாக எழுதினார்கள். ‘ரிக்ரெட்’ போன்ற வினைகள், பின்னால் வருவது உண்மை என்று முன்கூட்டியே ஒத்துக்கொண்டுவிடுகின்றன. ‘பிலீவ்’, ‘க்ளெய்ம்’ போன்றவை ஒத்துக்கொள்வதில்லை. எதிர்மறையாக்கிப் பாருங்கள். ‘துணியில் ஷேடு (நிறச்சாயல்) மாறியதற்கு நான் வருந்தவில்லை’ என்றாலும் ஷேடு மாறியது மாறியதுதான். ‘ஷேடு மாறியதாக நான் நம்பவில்லை’ என்றால் கதையே வேறு.

உங்கள் வேலையில் இது காசு விஷயம். பையர் ஷேடு சரியில்லை என்று எழுதியவுடன், துணியைப் பார்க்காமலேயே ‘வி ரிக்ரெட் தட் த ஷேட் இஸ் டிஃபரன்ட்’ என்று பணிவாக எழுதிவிடாதீர்கள். அது பணிவு மட்டுமில்லை, ஒப்புதல். பணத்தைப் பிடித்துக்கொள்ளும் டெபிட் நோட் வரும்போது அந்த வரியைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். ‘யூ மென்ஷன்ட் தட்’ என்று தொடங்கி, பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று முடியுங்கள்.

இப்போது அந்த டையிங் யூனிட் மெயில். உங்கள் மேலாளர் ‘டோல்ட்’டைப் பார்த்துச் சிரித்தார். அவர் கவலைப்பட்டிருக்க வேண்டியது, அந்த இடத்தில் ‘கன்ஃபர்ம்ட் தட்’ என்று இருந்திருந்தால். அப்படி எழுதியிருந்தால் வெள்ளிக்கிழமைக்கு உங்கள் நிறுவனம் ஜாமீன். பையர் அதை நம்பி அடுத்த ஏற்பாட்டைச் செய்வார். டையிங் யூனிட்காரர் போனில் என்ன சொல்லியிருப்பார்? “வெள்ளிக்கிழம ஆயிருமுங்க” என்றுதானே? அப்படியானால் ‘செட் தட்’ போதும். துணி உள்ளே வந்து, நீங்கள் போய்த் தொட்டுப் பார்த்த பிறகு, ‘கன்ஃபர்ம்’ போட்டு இன்னொரு மெயில் அனுப்புங்கள்.

அன்புடன்.