பியானோ வகுப்பு – கடிதம்

அன்புள்ள அக்கா,

தங்கச்சிமடத்தில் வீட்டு முன்னறையில் மூன்று வருடமாக பியானோவும் கீபோர்டும் சொல்லிக்கொடுக்கிறேன். பதினான்கு பிள்ளைகள் இருந்தார்கள், இப்போது ஆறு பேர். லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் கிரேடு தேர்வுக்கும் அனுப்புகிறேன். நட்சத்திர ஸ்டிக்கர், பரிசு எல்லாம் செய்து பார்த்தாயிற்று. “வீட்டுல தொடவே மாட்டேங்கிறான் மிஸ்” என்றுதான் அம்மாக்கள் சொல்கிறார்கள். நன்றாக வாசித்துக்கொண்டிருந்த எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் மூன்றாம் கிரேடோடு நின்றுவிட்டான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கோயிலில் கீபோர்டு வாசிப்பது அவன்தான். பிள்ளைகளின் ஆர்வத்தைக் குறையாமல் வைத்திருப்பது எப்படி? பழைய மரப் பியானோ ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கிப் போட்டால் வருவார்களா?

அ., தங்கச்சிமடம்

அன்புள்ள அ.,

பியானோ விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். வாங்காதீர்கள். உள்ளே இருநூற்றுச் சொச்சம் எஃகுக் கம்பிகள். உங்கள் ஊர் உப்புக்காற்றில் ஜன்னல் கம்பி என்ன கதி ஆகிறது என்று பார்க்கிறீர்கள்தானே. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரமும் ஃபெல்ட்டும் ஈரம் குடித்து, அமுக்கிய கட்டை மேலே வராது. சுருதி சேர்க்கும் ஆளுக்கு வெளியூருக்குப் போன் போட வேண்டும். 88 கட்டை டிஜிட்டல் பியானோ, அழுத்தினால் கனம் தெரிகிற கட்டைகளோடு இருந்தால் போதும். அதையும் கடலைப் பார்த்த ஜன்னலிலிருந்து தள்ளிப் போட்டு, துணி போட்டு மூடி வையுங்கள்.

சரி, ஆர்வத்துக்கு வருவோம். நான் மண்டபத்தில் பதினோரு வருடம் வகுப்பு எடுத்தேன். முதல் நான்கு வருடம் நானும் ஸ்டிக்கர் டீச்சர்தான். தினம் அரை மணி நேரம் வாசித்து, பயிற்சி நோட்டில் எழுதி, அம்மாவிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும். ஒரு கார்த்திகையில் பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியிருந்தார்கள், எங்களுக்கு இரண்டு நாள் முழுக்க கரண்ட் இல்லை. அடுத்த வகுப்பில் ஒரு சிறுமியின் நோட்டைத் திறந்தால் அந்த இரண்டு நாளுக்கும் ‘30 நிமிடம்’, பக்கத்தில் அம்மாவின் கையெழுத்து. அவள் வீட்டுக் கீபோர்டோ அடாப்டரில் மட்டும் ஓடுவது.

முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம், “சரி, கரண்ட் இருந்த அன்னைக்கு என்ன பண்ணே?” என்று கேட்டேன்.

“முதல்லருந்து வாசிச்சேன் மிஸ்.”

“தப்பு வந்தா?”

“மறுபடி முதல்லருந்து.”

“அப்பவும் வந்தா?”

கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தாள். “ஆஃப் பண்ணிருவேன்.”

வாசித்துக் காட்டச் சொன்னேன். முதல் மூன்று பார், அதாவது தாளக் கட்டம், அருவி மாதிரி வந்தது. நான்காவதில் கட்டைவிரல் அடியில் போக வேண்டிய இடத்தில் தட்டி நின்றாள். உடனே கை தானாக முதல் பாருக்கு ஓடியது. ஒரு வாரம் முழுக்கத் தெரிந்த மூன்று பாரையே வாசித்திருக்கிறாள், தெரியாததைத் தொடவேயில்லை. அவளைச் சொல்லி என்ன பயன்? தனியாக உட்கார்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நான் ஒரு நாளும் காட்டியதில்லை.

அன்றிலிருந்து வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம் நான் வாயைத் திறப்பதில்லை. பிள்ளை தன் வீட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டு பயிற்சி செய்ய வேண்டும். தட்டுகிற இடத்தைப் பென்சிலால் வட்டம் போடச் சொல்வேன். அந்த வட்டத்தை மட்டும் வலது கையில் மெதுவாக, தப்பில்லாமல் மூன்று தடவை. பிறகு அதற்கு முந்தின தாளத்திலிருந்து பிடித்து வட்டத்துக்குள் நுழைய வேண்டும். அப்புறம்தான் இடது கை. வீட்டுப்பாடமும் அந்த வட்டம்தான். அரை மணி நேரக் கணக்கெல்லாம் எடுத்துவிட்டேன். ஏழு வயதுப் பிள்ளைக்கு எட்டு நிமிடத்தில் முடிந்துவிடும், முடித்தோம் என்று அதற்கே தெரியும். அடுத்த வாரம் உள்ளே நுழையும்போதே “மிஸ், வட்டம் போயிருச்சு” என்று சொல்லிக்கொண்டு வரும்.

தேர்வு பற்றி ஒரு வார்த்தை. டிரினிட்டியில் நூற்றில் 66 மதிப்பெண் மூன்று பீஸ்களுக்கு, அதாவது வாசித்துக் காட்டுகிற மூன்று இசைத் துண்டுகளுக்கு. அதனால் ஜூனில் ஆரம்பித்து மார்ச் வரை அந்த மூன்றையே அரைக்கிறோம். வீட்டில் கேட்கிறவர்களுக்கே சலித்துப்போகும், பிள்ளையைக் கேட்கவா வேண்டும்! தேர்வு பீஸை நான்கு மாதத்துக்கு முன்னால் எடுத்தால் போதும். மற்ற மாதங்களில் பதினைந்து நாளில் முடிகிற சின்னச் சின்ன பீஸ்களைக் கொடுங்கள், நடுவில் அவர்கள் கேட்கிற சினிமாப் பாட்டும் ஒன்றிரண்டு வரட்டும், கெட்டுப்போக மாட்டார்கள். வீட்டில் 61 கட்டைக் கீபோர்டு மட்டும் இருக்கிற பிள்ளையைப் பியானோ தேர்வுக்கு அனுப்பாதீர்கள். கீபோர்டுக்கென்றே தனித் தேர்வு இருக்கிறது.

அப்புறம், யாருக்காக வாசிப்பது? நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். கையில் காசு இருக்காது, பிள்ளைகள் நிற்பதும் அப்போதுதான். நான் அந்த இரண்டு மாதமும் பாதிக் கட்டணம்தான் வாங்கினேன், சிலரிடம் அதையும் ஆடியில் வாங்கிக்கொண்டேன். ஆனால் அப்பாக்கள் ஊரில் இருக்கிற காலமும் அதுதானே. மே மாதம் ஒரு சாயங்காலம் முன்னறையில் பாய் விரித்து, பிள்ளைக்கு ஒரு பீஸ் என்று வாசிக்க வைத்தேன். ஒரு அப்பா மகளின் கையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும், “மோதிர விரல் மட்டும் தனியா எந்திரிக்க மாட்டேங்குதுல்ல? வலை தைக்கையில எனக்கும் அப்படித்தான்” என்றார். அடுத்த வாரம் அந்தப் பெண் நான் சொல்லாமலே அந்த விரலுக்குப் பயிற்சி செய்துகொண்டு வந்தாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினாராம்.

கடைசியாக உங்கள் எட்டாம் வகுப்புப் பையன். வாராவாரம் ஊர் முன்னால் வாசிக்கிறவனை நின்றுவிட்டான் என்று எழுதியிருக்கிறீர்கள்! தேர்வுதான் அவனுக்கு வேண்டாம் போல. ஒரு ஞாயிறு பூசையில் அவன் பக்கமாகப் போய் உட்காருங்கள். காதால் கேட்டு வாசிக்கிற கோயில் பையன்களில் நான் பார்த்த முக்கால்வாசிப் பேர் எல்லாப் பாட்டையும் வெள்ளைக் கட்டைகளிலேயே அமைந்த சி மேஜரில் வாசித்துவிட்டு, பாடுகிறவர்களின் சுருதிக்கு, சுருதியைத் தானாக மாற்றித் தருகிற டிரான்ஸ்போஸ் பட்டனைத் தட்டுவார்கள். அவனும் அப்படித்தான் என்றால், கிரேடு பேச்சையே எடுக்காமல், “இந்தப் பாட்டை அந்தப் பட்டன் இல்லாம டி மேஜர்ல வாசிப்பியா?” என்று மட்டும் கேட்டுவிட்டு வாருங்கள். என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.