நடக்கிற பையனுக்குச் சக்கர நாற்காலி எதற்கு?

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. பிறந்ததிலிருந்தே வலது காலில் பலம் குறைவு, ஆனால் நடப்பான். மாற்றுத்திறனாளி அட்டையில் 45 சதவீதம் என்று இருக்கிறது. பாரா வில்வித்தை வீராங்கனை ஷீத்தல் தேவியைப் பார்த்ததிலிருந்து வில்லும் கையுமாகத்தான் திரிகிறான். "சக்கர நாற்காலிப் பிரிவில் போட்டி குறைவு. 60,000 ரூபாய் கொடுத்தால் சர்வதேச கிளாசிஃபிகேஷன் வாங்கித் தருகிறேன்" என்கிறார் ஒருவர். (குறைபாட்டைப் பரிசோதித்து, எந்தப் பிரிவில் போட்டியிடலாம் என்று தரும் தகுதிதான் அது.) கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அவர் சொன்னது இரண்டும் பொய்.

பாரா வில்வித்தையில் கால் மட்டும் பாதிக்கப்பட்டவர்கள் வருவது ஓப்பன் பிரிவில். நின்று எய்பவர், ஸ்டூலில் உட்கார்ந்து எய்பவர், சக்கர நாற்காலியில் இருந்து எய்பவர் எல்லாரும் அதில்தான். ஷீத்தலுக்கு இரண்டு கைகளும் இல்லை. வலது காலால் வில்லைப் பிடித்து, தோளால் நாணை இழுத்து, தாடையால் அம்பை விடுவிக்கிறார். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் அவரோடு கலப்பு இரட்டையரில் வெண்கலம் வென்ற ராகேஷ் குமார் சக்கர நாற்காலியில் இருந்து எய்பவர். இருவரும் ஒரே பிரிவு, அதனால்தான் ஒரே அணி. கையும் காலும் சேர்ந்து பாதிக்கப்பட்டவர்களுக்கு டபிள்யூ1 என்று தனியாக ஒன்று உண்டு. அது உங்கள் மகனுக்குப் பொருந்தாது.

அப்புறம் நடக்கிற பையனை நாற்காலியில் உட்கார வைத்து என்ன லாபம்? குறைபாட்டை வேண்டுமென்றே கூட்டிக் காட்டினால் தடைதான் வரும். டோக்கியோ பாராலிம்பிக்கில் நம் வட்டு எறிதல் வீரர் ஒருவருக்கு இந்தக் கிளாசிஃபிகேஷன் சிக்கலில் வெண்கலம் பறிபோனது, பிறகு இரண்டாண்டுத் தடையும் வந்தது.

அடுத்தது, 'வாங்கித் தருகிறேன்'. கிளாசிஃபிகேஷன் ரேஷன் கார்டு இல்லை. கிளாசிஃபிகேஷன் தரும் குழு பையனை நேரில் படுக்க வைத்து, காலைத் தள்ளு, மடக்கு, நீட்டு என்று தசை தசையாகப் பார்க்கும். எய்யச் சொல்லியும் பார்க்கும். உங்கள் 45 சதவீதம் அங்கே செல்லாது, அது இங்கே சலுகைக்கு மட்டும். நம் ஆஸ்பத்திரிகளிலோ 'வலது கால் பலவீனம்' என்று ஒற்றை வரி எழுதி சீல் குத்திவிடுகிறார்கள். காரணம் என்ன, எந்தத் தசை எவ்வளவு என்று கேட்டால் அடுத்த வாரம் வா என்பார்கள். போங்கள், விடாமல் போங்கள். நோயின் பெயர், ஸ்கேன், ஒவ்வொரு தசைக்கும் 0 முதல் 5 வரை மதிப்பு, எல்லாம் எழுத்தில் வேண்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஒருமுறை தகுதி கிடைத்தால் அது ஆயுளுக்கும் என்று நினைக்காதீர்கள். வளர்கிற பையன், நிலைமை மாறக்கூடும் என்று குழு நினைத்தால் 'மறுபரிசீலனை' என்று ஆண்டு போட்டுத் தருவார்கள். அந்த ஆண்டு வந்தால் மறுபடி படுக்க வைத்து, மறுபடி தள்ளச் சொல்வார்கள். இடையில் அறுவை சிகிச்சை செய்தால் அதையும் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் அதுவும் ஏமாற்றுக் கணக்கில்தான் போகும்.

உங்கள் மகனுக்கு ஷீத்தலைவிட வில்வித்தை வீரர் ஹர்விந்தர் சிங்தான் பொருத்தமான முன்மாதிரி. அவருக்கும் பாதிப்பு காலில்தான். டோக்கியோவில் வெண்கலம், பாரிஸில் தங்கம், இரண்டும் ரிகர்வ் வில்லில் (முனைகள் வெளிப்பக்கம் வளைந்த வில்). அந்த 60,000-ஐ வில்லுக்கும் பயிற்சிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பையன் நின்றே எய்யட்டும். கால் சீக்கிரம் தளர்ந்தால் ஸ்டூல் தேவையா என்பதை அந்தக் குழுவிடமே கேட்கலாம்.