இஸ்தான்புல்லில் ஒரு காலைப்பொழுது

கேள்வி: பனியன் ஆர்டர் விஷயமாக அடுத்த மாதம் இஸ்தான்புல் போகிறேன். லாலேலி பக்கம் தங்கல். கடைசி நாள் காலை மட்டும்தான் சும்மா இருப்பேன். எல்லோரும் நீல மசூதியைத்தான் சொல்கிறார்கள், அதையே பார்த்துவிட்டு வரட்டுங்களா?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: நீல மசூதி அழகுதான், பாருங்கள். ஆனால் ஒரே ஒரு காலைதான் கையில் இருக்கிறது என்றால் நான் சுலைமானியே மசூதிக்குத்தான் போகச் சொல்வேன், லாலேலியிலிருந்து நடந்தே போய்விடலாம். சுல்தான் சுலைமானுக்காக சினான் என்ற கட்டடக் கலைஞர் 1550இல் தொடங்கி 1557இல் முடித்தது. குவிமாடம் 53 மீட்டர் உயரம். பலரும் உள்ளே போய் அண்ணாந்து பார்த்து, நாலு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள், அதுதான் எனக்கு ஆதங்கம். மசூதியைச் சுற்றித்தான் விஷயமே இருக்கிறது. மதரசாக்கள், மருத்துவமனை, மருத்துவம் படிக்க ஒரு பள்ளி, வழிப்போக்கர்கள் தங்கச் சத்திரம், குளியல் கூடம், ஏழைகளுக்கும் மாணவர்களுக்கும் சமைத்துப் போட்ட பெரிய சமையல்கூடம் என்று நம்ம பக்கம் பெரிய கோயிலை ஒட்டி மடமும் சத்திரமும் அன்னதானமும் இருக்கிற மாதிரி எல்லாம் ஒரே திட்டத்தில் கட்டியது. வடக்கே குன்று சரிகிறது. சினான் அதை மேடாக்கிச் சமப்படுத்தாமல், அந்தப் பக்கத்து மதரசா அறைகளைச் சரிவோடு படிப்படியாக இறக்கியிருக்கிறார், அதை அவசியம் பாருங்கள்.

இன்னொன்று, அந்தக் காலத்தில் உள்ளே எரிந்த எண்ணெய் விளக்குகளின் புகை வாசலுக்கு மேலே ஒரு அறையில் போய்ச் சேரும்படி காற்றோட்டம் வைத்திருந்தார்கள். அங்கே படிந்த கரியை எடுத்து எழுதுகிற மை செய்தார்கள். மதரசாக்களில் சில இன்று கையெழுத்துச் சுவடி நூலகமாக இருக்கின்றன.

பின்னால் தோட்டத்தில் சுலைமானும் அவர் மனைவி ஹுர்ரெமும் தனித்தனி சமாதிகளில் இருக்கிறார்கள். சினானின் சமாதி மதில் சுவருக்கு வெளியே ஒரு மூலையில், சின்னதாக. தேடித்தான் போக வேண்டும், போங்கள்.

கட்டணம் இல்லை. தொழுகை நேரத்தில் பார்வையாளர்களை விடமாட்டார்கள், அதனால் வெள்ளிக்கிழமை நண்பகல் வேண்டாம். வீட்டம்மாவும் கூட வந்தால் தலைக்கு ஒரு துணி எடுத்துக்கொள்ளட்டும். அப்புறம், எதிரே வரிசையாக இருக்கிற கடைகளில் வெள்ளை பீன்ஸ் குழம்பும் சோறும்தான் பிரபலம். நீங்கள் சைவம் என்றால் கறி சேர்த்ததா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.