பூக்காத செடியில் ரசிக்க என்ன இருக்கிறது?

கேள்வி: தஞ்சாவூர்ப் பக்கம் கொல்லையில் மல்லி, கனகாம்பரம், செம்பருத்தி, பவழமல்லி என்று நாற்பது வருடம் செடி வளர்த்தவள் நான். இப்போது சென்னையில் மகன் வீட்டில், மூன்றாவது மாடி. வடக்குப் பார்த்த ஜன்னல், வெயிலே விழாது. மருமகள் ஹாலில் மணி பிளாண்ட், பீஸ் லில்லி, அப்புறம் கோடு கோடாக இலை உள்ள ஏதோ ஒன்று (மரந்தா என்கிறாள்) வைத்திருக்கிறாள். பறிக்கப் பூ இல்லை, வாசனை இல்லை. அவள் வேலைக்குப் போனதும் தினமும் நான்தான் தண்ணீர் ஊற்றுகிறேன். இதில் ரசிக்க என்ன இருக்கிறது? – மடிப்பாக்கம் வாசகி

பதில்: அம்மா, முதலில் அந்தத் தினசரித் தண்ணீரை நிறுத்துங்கள். வீட்டுக்குள் வெயிலும் காற்றும் குறைவு, அதனால் தொட்டி மண் காய நாளாகும். கொல்லைச் செடிக்கு ஊற்றிய கை சும்மா இருக்காது, தெரியும், ஆனால் ஈரத்திலேயே நின்றால் வேர் அழுகிவிடும். ஆள்காட்டி விரலை இரண்டு கணு அளவு மண்ணில் விட்டுப் பாருங்கள், உள்ளேயும் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றினால் போதும்.

இனி ரசனை. இந்த மூன்றுமே மழைக்காட்டுச் செடிகள், பெரிய மரங்களின் நிழலில், வெளிச்சம் சல்லடை போட்டு விழுகிற இடத்தில் பழகியவை. மல்லி அந்த ஜன்னலில் ஒரு மொட்டுகூட வைக்காது, இவை துளிர் விடும். பூவைப் பார்த்துப் பழகிய கண்ணை இலைக்குத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான், அதற்குக் கொஞ்ச நாள் பிடிக்கும்.

இன்றைக்கே மரந்தாவைப் பாருங்கள். பகலில் இலையை விரித்து வைத்திருக்கும், விளக்கு வைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் எல்லா இலையும் மேல் நோக்கி எழுந்து நிற்கும், அடிப்பக்கம் தெரியும், காலையில் மறுபடி தாழும். இலைக்காம்பின் நுனியில் சின்னப் புடைப்பு ஒன்று இருக்கிறது, அதற்குள் நீர் ஏறி இறங்குவதால் நடக்கிற அசைவு அது, நம் தொட்டாற்சுருங்கிக்கும் இதே ஏற்பாடுதான். இன்னொன்று, நீங்கள் குழந்தைகளுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்திருக்கக்கூடிய கூவைக்கிழங்கு மாவு இருக்கிறதே, அந்தக் கூவையும் ஒரு மரந்தாதான்!

மணி பிளாண்ட்டும் பீஸ் லில்லியும் நம் சேம்பு, கருணை, சேனை குடும்பம். பீஸ் லில்லியில் எப்போதாவது வெள்ளையாக ஒன்று வரும், அது இதழே இல்லை, உருமாறிய இலை. நடுவில் நிற்கிற தண்டில் பொடிப்பொடியாக ஒட்டியிருப்பவைதான் பூக்கள், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போய்ப் பாருங்கள். தண்ணீர் போதாவிட்டால் இந்தச் செடி மொத்தமாகத் தொய்ந்துவிடும், ஊற்றிவிட்டுச் சமையலை முடித்து வந்து பார்த்தால் நிமிர்ந்திருக்கும். எனக்கு இத்தனை வருடம் கழித்தும் அதைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. மணி பிளாண்ட்டில் புது இலை முந்தைய இலையின் காம்பு மடிப்புக்குள்ளிருந்து வாழைக்குருத்து மாதிரி சுருண்டு வரும், விரிந்ததும் அதன் மஞ்சள் தீற்றலைப் பாருங்கள், ஒன்றில் இருப்பது போல இன்னொன்றில் இருக்காது. சில காலைகளில் இலை நுனியில் ஒரு சொட்டு நீர் தொங்கும், பனி இல்லை, வேர் இரவில் உறிஞ்சியதில் மிச்சத்தைச் செடியே வெளியே விடுகிறது.

பேரக்குழந்தை இருந்தால் ஒரு எச்சரிக்கை. கருணைக்கிழங்கு தொண்டையில் நமைக்கக் காரணமான ஊசி போன்ற படிகங்கள் மணி பிளாண்ட், பீஸ் லில்லி இரண்டின் இலையிலும் உண்டு, கடித்தால் வாய் எரியும், கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். மாதம் ஒருமுறை ஈரத்துணியால் இலையைத் துடைத்தால் போதும். பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவுகிற பழக்கம் வேண்டவே வேண்டாம், இலையின் துளைகள் அடைத்துக்கொள்ளும்.

கேள்வி: படுக்கையறையில் பாம்புச்செடி வைத்தால் காற்று சுத்தமாகும், இரவிலும் ஆக்ஸிஜன் தரும் என்கிறார்களே? – சேலம் வாசகர்

பதில்: இல்லை. செடி காற்றைச் சுத்தமாக்கும் என்ற பேச்சுக்கு அடிப்படையான, 1989-ல் நாசா செய்த ஆய்வு வீடுகளில் அல்ல, மூடிய சிறு அறைக்கூண்டுகளில் நடந்தது. 2019-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் அதுவரை வந்த சோதனைகளைத் திரட்டிக் கணக்குப் போட்டபோது, கட்டடத்தில் இயல்பாக நடக்கிற காற்றோட்டத்துக்கு ஈடாகச் செடி வைக்க வேண்டுமானால் சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் தேவை என்று வந்தது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். இரவில் இந்தச் செடி இலைத்துளைகளைத் திறப்பது உண்மை, ஆனால் அது கரியமில வாயுவை உள்ளே வாங்கிச் சேமிக்க, ஆக்ஸிஜன் உண்டாக வெளிச்சம் வேண்டும். கயிறு திரிக்க நார் தரும் நம்மூர் மருளுக்கு உறவு இது. வாள் மாதிரி நிமிர்ந்து நிற்கிற அழகுக்காக வாங்குங்கள்.

கேள்வி: மணி பிளாண்ட்டைக் கேட்காமல் எடுத்து வந்து வைத்தால்தான் வளருமாமே? – திருநெல்வேலி வாசகி

பதில்: கேட்டே வாங்குங்கள், தாராளமாக வளரும். பசிபிக் கடலில் மூரேயா என்ற தீவுதான் இதன் சொந்த ஊர். பூப்பதற்கு வேண்டிய ஜிப்ரலின் என்ற ஹார்மோன் இதற்குச் சரியாகச் சுரப்பதில்லை, அதனால் பூப்பது மிக மிக அபூர்வம், விதைக்கு வழியில்லை. உலகம் முழுக்கக் கொடியை ஒடித்துக் கொடுத்துக் கொடுத்தே வந்த செடி. என் வீட்டில் இருப்பது, எதிர்வீட்டு அக்கா கோயம்புத்தூருக்கு மாற்றலாகிப் போன அன்று வெட்டிக் கொடுத்தது, ஒவ்வொரு துளிரிலும் அவர் ஞாபகம் வரும்.

கணுவில் குட்டையாக ஒரு வேர்முளை துருத்திக்கொண்டிருக்கும், அதற்குக் கொஞ்சம் கீழே வெட்டி, கணு மூழ்கும்படி தண்ணீரில் வையுங்கள். இலை மூழ்க வேண்டாம். வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றி, வேர் இரண்டு அங்குலம் நீண்டதும் மண்ணுக்கு மாற்றிவிடுங்கள், ரொம்ப நாள் தண்ணீரிலேயே விட்டால் மண்ணுக்குப் பழகச் சிரமப்படும்.