கேளுங்கள் டீச்சர்: ரேடியோவில் வந்த ஒரு பெயர்

வாசகர் கேள்விகளுக்கு மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை பதில் அளிக்கிறார்.

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பொறியாளர். செப்டம்பர் வந்தால் அங்கே ஹிஸ்பானிக் மரபு மாதம் என்று கொண்டாடுகிறார்களாம். இந்த வருடம் ஏற்பாட்டுக் குழுவில் இவளையும் சேர்த்துவிட்டார்கள். வேலை முடிந்த பிறகும் அதற்காக உட்கார்ந்திருக்கிறாள். நம் பண்டிகையும் இல்லை, நம் ஆட்களும் இல்லை. இவளுக்கு ஏன் இது? — ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: சகோதரி, மகள் செய்வது நல்ல காரியம். தடுக்காதீர்கள்.

ஸ்பானிய மொழி பேசும் நாடுகளைப் பூர்வீகமாகக் கொண்டவர்களை அமெரிக்காவில் ஹிஸ்பானிக் மக்கள் என்கிறார்கள். மெக்சிகோ, கியூபா, கொலம்பியா, பியூர்ட்டோ ரீக்கோ என்று பல ஊர்க்காரர்கள். 1968-இல் அதிபர் லிண்டன் ஜான்சன் காலத்தில் ஒரு வாரமாகத் தொடங்கிய இந்தக் கொண்டாட்டம் 1988-இல் ஒரு மாதமானது. செப்டம்பர் 15-இல் தொடங்கி அக்டோபர் 15 வரை நடக்கும். கோஸ்டா ரீக்கா, குவாத்தமாலா உள்ளிட்ட ஐந்து மத்திய அமெரிக்க நாடுகளுக்கு அந்த முதல் நாள்தான் சுதந்திர தினம். மறுநாள் மெக்சிகோவுக்கு. அதனால்தான் மாதத்தின் நடுவில் ஆரம்பிக்கிறார்கள்.

"நம் ஆட்கள் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். ஒருவருடைய கதையைச் சொல்கிறேன், கேளுங்கள். பெயர் ஹோசே எர்னான்டஸ். 1962-இல் கலிபோர்னியாவில் பிறந்தவர். பெற்றோர் மெக்சிகோவின் மிச்சோவாகான் பகுதியிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள். ஸ்ட்ராபெரி எங்கே பழுக்கிறதோ அங்கே போவார்கள். அது முடிந்தால் வெள்ளரிக்காய்க்கு வேறு ஊர். பிள்ளைகளும் கூடவே போய்ப் பறிப்பார்கள், பள்ளியும் கூடவே மாறும். ஹோசேக்கு ஆங்கிலம் ஒழுங்காக வந்ததே பன்னிரண்டு வயதில்தான்.

இரண்டாம் வகுப்பு ஆசிரியை அவர்கள் வீட்டுக்கே போனார். இப்படி ஊர் ஊராகப் போனால் பிள்ளைகள் படிப்பு கெட்டுப்போகும், ஓர் இடத்தில் தங்குங்கள் என்று பெற்றோரிடம் எடுத்துச் சொன்னார். அவர்களும் கேட்டார்கள். ஸ்டாக்டன் நகரில் தங்கினார்கள்.

தோட்டத்துப் பள்ளியில் வேலை செய்த எவருக்கும் இந்த இடம் நெஞ்சில் தைக்கும். கணக்கில் புலியாக இருக்கிற பையன் ஒரு திங்கட்கிழமை வரமாட்டான். விசாரித்தால், "அவங்கப்பாவுக்கு வேற எஸ்டேட்ல வேலை கெடச்சிருச்சு டீச்சர்" என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை சொல்லும். தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். ரப்பரை வெட்டிச் சாய்த்துச் செம்பனை நட்ட காலத்தில் இப்படி எத்தனை குடும்பங்கள் மூட்டை கட்டின! அந்தப் பெற்றோரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஸ்டாக்டனில் நின்றது போல நிற்க ஒரு வழி கிடைத்திருந்தால் அந்தப் பையன்களில் பலர் இன்று வேறு இடத்தில் இருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சரி, ஹோசேயிடம் வருவோம். இடைநிலைப்பள்ளியின் கடைசி வருடம். பீட் கிழங்கு வயலில் களை கொத்திக்கொண்டிருக்கிறார். கையில் சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோ. கோஸ்டா ரீக்காவில் பிறந்த ஃபிராங்க்ளின் சாங் டியாஸ் என்பவரை நாசா விண்வெளி வீரராகத் தேர்ந்தெடுத்துவிட்டது என்று செய்தி வருகிறது. தன்னைப் போல ஸ்பானிய மொழி பேசி வளர்ந்த ஒருவர்! நாமும் போகலாம் என்று அந்த வயலிலேயே முடிவெடுத்தார். மின் பொறியியல் படித்து, 1987-இல் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். மார்பகப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க உதவும் டிஜிட்டல் எக்ஸ்ரே முறையை அங்கே சக பொறியாளருடன் சேர்ந்து உருவாக்கினார். 2009 ஆகஸ்டில் டிஸ்கவரி விண்வெளி ஓடத்தில் விண்வெளிக்கும் போனார்.

உங்கள் மகள் மாலையில் உட்கார்ந்து செய்வது அந்த ரேடியோ செய்த வேலை. ஒரு பெயரை வயல் வரைக்கும் கொண்டுபோவது. ஒன்று மட்டும் அவளிடம் சொல்லுங்கள். நடனமும் விருந்தும் இருக்கட்டும், ஆனால் விழா ஆய்வுக்கூடச் சுவருக்குள்ளேயே முடிந்துவிடக் கூடாது. பக்கத்தில் உள்ள கூலித் தொழிலாளர்களின் பிள்ளைகளை ஒரு நாள் உள்ளே அழைத்து, கருவிகளைத் தொட்டுப் பார்க்க விடச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆய்வுக்கூடம் என்றால் திறமைதானே பேச வேண்டும்? இனத்தையும் மொழியையும் சொல்லிக் கொண்டாடினால் சலுகையில் வந்தவர்கள் என்று மற்றவர்கள் நினைக்கமாட்டார்களா? — தொழில்நுட்பர், கூலிம்

பதில்: தம்பி, எர்னான்டஸை நாசா 11 முறை நிராகரித்தது. யாரும் சலுகை காட்டவில்லை. தேர்வானவர்களிடம் என்ன இருக்கிறது, தன்னிடம் என்ன இல்லை என்று பார்த்தார். விமானம் ஓட்டக் கற்றார், ஆழ்கடலில் மூழ்கப் பழகினார், ரஷ்ய மொழி படித்தார். 2004-இல் எடுத்துக்கொண்டார்கள்.

எலன் ஒச்சோவாவைப் பாருங்கள். ஸ்டான்ஃபோர்டில் மின் பொறியியலில் முனைவர் பட்டம், சாண்டியா ஆய்வுக்கூடத்தில் வேலை, ஒளியியலில் மூன்று காப்புரிமைகளில் பங்கு. 1993-இல் விண்வெளிக்குப் போன முதல் ஹிஸ்பானிக் பெண் அவர். பிறகு நாசாவின் ஜான்சன் விண்வெளி மையத்துக்கே இயக்குநரானார். இவரை யாராவது சலுகையில் வந்தவர் என்று சொல்ல முடியுமா?

திறமை எல்லா லயத்திலும் இருக்கிறது தம்பி. எந்தப் படிப்பு, எந்த விண்ணப்பம், யாரைப் போய்க் கேட்பது என்ற விவரம்தான் எல்லா லயத்துக்கும் வருவதில்லை. 1974-இல் லாஸ் ஏஞ்சலஸ் மாநகராட்சியில் வேலை செய்த சில பொறியாளர்கள் சேர்ந்து ஹிஸ்பானிக் பொறியாளர் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். பின்னால் வரும் மாணவர்களுக்கு முன்மாதிரியாகவும் வழிகாட்டியாகவும் இருப்பதுதான் நோக்கம். நீங்கள் கூலிமில் நல்ல வேலையில் இருக்கிறீர்கள். உங்கள் தோட்டத்தில் இந்த வருடம் படிவம் ஐந்தின் எஸ்.பி.எம். தேர்வு எழுதும் பிள்ளைகள் யார் யார் என்று தெரியுமா? தெரியாவிட்டால் இந்த வாரமே விசாரியுங்கள்.

கேள்வி: இதுபோல நம் தமிழ்ப்பள்ளியில் ஏதாவது செய்யலாமா? — பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர், பகாவ்

பதில்: தாராளமாக. பிரமுகர், மாலை, பொன்னாடை எதுவும் வேண்டாம். உங்கள் பள்ளியில் படித்துவிட்டு இன்று பொறியாளராகவோ ஆய்வுக்கூட உதவியாளராகவோ இருப்பவர்களைக் கூப்பிடுங்கள். செம்பனை ஆலையில் எண்ணெயைச் சோதிப்பவர் இருந்தால் அவரும் கட்டாயம் வரட்டும்.

அவர்கள் தமிழில் பேச வேண்டும். 2021 பிப்ரவரி 18 அன்று பெர்சவரன்ஸ் ஊர்தி செவ்வாய்க் கோளில் இறங்கியபோது, நாசா ஸ்பானிய மொழியில் நேரலை நடத்தியது. நடத்தியவர் டயானா துருகியோ. கொலம்பியாவிலிருந்து 17 வயதில் வந்து, வீடுகளைச் சுத்தம் செய்து படித்து, அந்த ஊர்தியின் இயந்திரக் கைக்கு உழைத்தவர். ஆங்கிலம் தெரியாத பாட்டிகளும் பேரப்பிள்ளையோடு உட்கார்ந்து பார்க்க முடிந்தது. நம் பெற்றோருக்கும் அது வேண்டும்.

வேலை நாளில் வைக்காதீர்கள், பெற்றோருக்குக் கூலி போய்விடும். ஞாயிற்றுக்கிழமை, பசியாறிய பிறகு பத்து மணிக்கு ஆரம்பியுங்கள். பேச்சைக் குறைத்து, பிள்ளைகள் கேள்வி கேட்க அதிக நேரம் கொடுங்கள். எந்தப் பிள்ளை என்ன படிக்க ஆசைப்படுகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வந்த முன்னாள் மாணவர்கள் ஆளுக்கு இரண்டு பிள்ளைகளைப் பொறுப்பெடுத்து, படிவம் ஐந்து முடியும்வரை தொடர்பில் இருக்கச் சம்மதம் வாங்கிவிட்டு அனுப்புங்கள்.