பதினாறு பாரும் ஒரு ஹூக்கும்: கல்லடியிலிருந்து கேள்வி பதில்

மட்டக்களப்புக் கல்லடியில் வீட்டு அறை ஒன்றைப் பழைய மெத்தைகளால் அடைத்து வைத்துக்கொண்டு பீட், அதாவது ராப்புக்கு அடியில் ஓடும் மேள இசை, செய்கிறேன், பொடியன்களின் பாட்டைப் பதிவும் செய்து கொடுக்கிறேன். ஹிப் ஹாப் பாட்டு எப்படிக் கட்டப்படுகிறது என்று கேட்டு எழுதச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதி ஒரே கேள்விதான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பார், பார் என்கிறீர்களே, அண்ணா. அது என்ன? (கல்முனையிலிருந்து ஒரு தங்கை)

நான்கு தட்டு சேர்ந்தால் ஒரு பார். ஏதாவது ஒரு ராப் பாட்டைப் போட்டு ஸ்னேரை மட்டும் கவனியுங்கள், அந்த 'டக்' என்ற சத்தம். அது பெரும்பாலும் இரண்டாவது தட்டிலும் நான்காவது தட்டிலும் விழும். கிக், அதாவது 'டும்', அங்கங்கே கூடக் குறைய வரும். அதைப் பிடித்து எண்ணப் போனால் குழம்பிவிடுவீர்கள்.

எண்ணும்போது 1-2-3-4, 2-2-3-4, 3-2-3-4 என்று எண்ணுங்கள். முதல் எண் எத்தனையாவது பார் என்று சொல்லிக்கொண்டே வரும். கொப்பியில் ஒரு பாருக்கு ஒரு வரி என்று எழுதிப் பழகினால் பிறகு கணக்குப் பிசகாது.

வேர்ஸ் (ஒருவர் விடாமல் ராப் பேசும் பகுதி) 24 வரி எழுதினேன். பீட் தந்தவர் 16க்குள் குறைக்கச் சொல்கிறார். 16 என்று யார் சட்டம் போட்டது? (ஏறாவூர்த் தம்பி ஒருவர்)

ஒருவரும் போடவில்லை, தம்பி. நான்கு நான்காகக் கேட்டுப் பழகிய காது நாலாவது பார் முடிந்ததும் ஏதோ ஒரு அசைவை எதிர்பார்க்கும். எட்டில் கொஞ்சம் பெரிய மாற்றம், பதினாறில் முழு மாற்றம். 90 வேகத்தில், அதாவது நிமிடத்துக்கு 90 தட்டு, 16 பார் என்பது ஏறத்தாழ 43 விநாடி. ஒரே குரல் விடாமல் பேசுவதை அதற்கு மேல் கேட்க வைக்க வேண்டுமென்றால் உள்ளே நல்ல கதை இருக்க வேண்டும். இருந்தால் 24 தாராளமாகப் போகலாம். ஆனால் 18, 19 என்று நிறுத்தாதே.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதன்முதலில் மேடை ஏறிய பாட்டில் வேர்ஸ் 17 பார். அறைக்குள் பாடும்போது விளங்கவில்லை. மேடையில் ஹூக், அதாவது பல்லவி போலத் திரும்பத் திரும்ப வரும் பகுதி, பாட வந்த தங்கை சரியாக 16 முடிய எடுத்துவிட்டா. நான் இன்னும் கடைசி வரியைக் கத்திக்கொண்டு நிற்கிறேன். முன் வரிசையில் இருந்த பெரியம்மா ஒருவர் காதைப் பொத்தியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

முழுப் பாட்டுக்கும் ஒரு கணக்குக் கேட்டால் இப்படிப் போடலாம்: இன்ட்ரோ (தொடக்கம்) 4, வேர்ஸ் 16, ஹூக் 8, வேர்ஸ் 16, ஹூக் 8, பிரிட்ஜ் (இடையில் மாறி வரும் பகுதி) 8, ஹூக் 8, முடிவு 4. மொத்தம் 72 பார், 90 வேகத்தில் 3 நிமிடம் 12 விநாடி. இப்போது பலர் வேர்ஸை 12க்குக் குறைத்து, ஹூக்கையே முதலில் வைத்துவிடுகிறார்கள். ஃபோனில் கேட்பவன் பத்து விநாடிக்குள் அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுவான் என்ற பயம். எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது. முதல் வேர்ஸில் ஏங்க வைத்துவிட்டு ஹூக்கைக் கொடுப்பதில்தான் சுகம்.

ராகமும் இல்லை, பாட்டும் இல்லை. பேசிக்கொண்டே போகிறார்கள். எது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே தெரிவதில்லை. (ஆரையம்பதி, ஓய்வுபெற்ற ஆசிரியர்)

ஐயா, நீங்கள் வட்டக்களரியைச் சுற்றி இருந்து விடிய விடியக் கூத்துப் பார்த்திருப்பீர்கள். ஆட்டக்காரர் தரு, அதாவது கூத்துப் பாட்டு, படிக்கிறார், பிற்பாட்டுக்காரர் அதைத் திருப்பிப் படிக்கிறார், கூத்துப் பழக்கிய அண்ணாவியாரின் மத்தளம் தாளக்கட்டுக்கு மாறுகிறது, ஆட்டக்காரர் ஆடி மூச்சு வாங்கி அடுத்த தருவுக்கு வருகிறார். எந்த இடத்தில் எது மாறும் என்று உங்கள் காதுக்குத் தெரியும். யாரும் சொல்லித் தந்ததில்லை.

ராப்பில் வேர்ஸுக்கும் ஹூக்குக்கும் நடப்பதும் அதே மாதிரியான கொடுக்கல் வாங்கல்தான். இரண்டும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். பிற்பாட்டு ஆட்டக்காரரின் வரியையே திருப்பும். ஹூக்குக்குச் சொந்த வரி உண்டு. ஆனால் சபையை உள்ளே இழுப்பதும் பாடுபவருக்கு மூச்சு கொடுப்பதும் இரண்டுக்கும் பொது. அடுத்த முறை பேரன் பாட்டுப் போட்டால் சொற்களை விட்டுவிட்டு, மேளம் எங்கே நின்று எங்கே திரும்பி வருகிறது என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். ஹூக்குக்கு முந்தின பாரில் அநேகமாக மேளத்தை நிறுத்தியிருப்பார்கள்.

இந்தக் கட்டமைப்பு எங்கிருந்து வந்தது? (வாழைச்சேனை)

நடனக் கொண்டாட்டத்திலிருந்து. 1973 ஆகஸ்ட் 11, நியூயோர்க்கின் பிராங்ஸ். டிஜே கூல் ஹேர்க் தன் தங்கை வைத்த கொண்டாட்டத்தில் இசைத்தட்டுப் போட்டார். பாட்டில் மற்றதெல்லாம் ஓய்ந்து மேளம் மட்டும் ஒலிக்கும் சில விநாடிகளை 'பிரேக்' என்பார்கள். சனம் அந்த இடத்துக்குத்தான் துள்ளி ஆடுகிறது என்று கண்டு, ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை மாற்றி மாற்றிப் போட்டு அந்தத் துண்டை நீட்டும் முறையை அவர் பிரபலமாக்கினார். அந்த நீட்டலுக்கு மேல்தான் பேச்சு ஏறியது. அதனால்தான் இன்றைக்கும் பீட் என்பது ஒரு சின்னத் துண்டு திரும்பத் திரும்ப வருவது. 1979இல் வந்த 'ராப்பர்ஸ் டிலைட்' நீள வடிவத்தில் 14 நிமிடத்துக்கு மேல் ஓடும், வேர்ஸுக்குப் பின் வேர்ஸாக. ஹூக்கும் 16ம் ஒழுங்காக நிலைத்தது அதற்குப் பிறகுதான்.

தமிழில் வரியின் தொடக்கத்தில் எதுகை வருகிறது. ராப்பில் கடைசியில் வேண்டும் என்கிறார்கள். எதைப் பார்ப்பது? (களுவாஞ்சிக்குடித் தம்பி)

நல்ல கேள்வி. நான்காவது தட்டில் ஸ்னேர் அடிக்கிறது, காது அங்கே காத்திருக்கிறது. அதனால் வரிக்கடைசி ஒத்துப்போவது, இலக்கணத்தில் சொன்னால் இயைபு, அங்கே நன்றாக விழும். ஆனால் எதுகையை ஏன் விட வேண்டும்? போன மாதம் நான் எழுதிய இரண்டு வரி:

கல்லடிப் | பாலத்தில | காத்துக்குக் | கதவில்ல
செல்லடிச்ச | காலத்தில | சோத்துக்கும் | வழியில்ல

செல் என்றது எறிகணையை. இரண்டு கோடுகளுக்கு இடையில் இருப்பது ஒரு தட்டு. கல்லடி-செல்லடி, பாலத்தில-காலத்தில, காத்து-சோத்து, கடைசியில் இல்ல-இல்ல. மேல் வரியில் எந்தத் தட்டில் எந்த ஓசையோ, கீழ் வரியிலும் அதே தட்டில் அதே ஓசை. மூன்றாவது தட்டு முடிய சின்னதாக மூச்சு எடுக்கலாம். மேசையில் தட்டிக்கொண்டு படித்துப் பார், விளங்கும். ஆனால் 16 பாரும் இப்படி நிரப்பினால் பள்ளிக்கூட மனனம் மாதிரி ஆகிவிடும். நான்கு பாருக்குப் பிறகு மாற்று.

கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடும் என்கிறார்களே, அந்தச் சத்தத்தைப் பதிந்து இன்ட்ரோவாகப் போடலாமா? (நாவற்குடா)

போடலாம், 4 பாருக்கு மேல் வேண்டாம். பாலத்தில் நின்று பதிந்தால் மீன் பாடுகிறதோ இல்லையோ, காற்றும் மோட்டார் சைக்கிளும் பாடும். பழைய ஆட்கள் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார்கள். நீயும் தண்ணீருக்குள் போடக்கூடிய மைக் தேடு.

மென்பொருளில் வேகம் 140 என்று காட்டுகிறது. கேட்டால் மெதுவாக இருக்கிறதே? (அக்கரைப்பற்று)

ட்ராப் என்ற ராப் வகையின் பீட்டாக இருக்கும். ஸ்னேர் இரண்டிலும் நான்கிலும் விழாமல் மூன்றில் மட்டும் விழுகிறது, அதனால் காதுக்கு 70 போலத் தெரிகிறது. பார் எண்ணுவதற்கு முன் எந்த வேகத்தில் எண்ணுகிறோம் என்று பீட் செய்தவரோடு பேசிக்கொள்ளுங்கள். 140இல் 16 பார் கேட்டு, 70இல் 16 பார் எழுதிக்கொண்டு வந்தால் பாதி வரி வெளியே நிற்கும்.

முடிவை எப்படி வைப்பது? மெல்லக் குறைத்து விடலாமா? (காரைதீவு)

பதிவில் குறைக்கலாம். கோயில் திருவிழா மேடையில் செய்யாதே, ஒலிபெருக்கிக்காரர் பிழை விட்டுவிட்டார் என்று சனம் திரும்பிப் பார்க்கும். கடைசி ஹூக்கின் எட்டு பாரும் முடிந்து, அடுத்த பாரின் முதல் தட்டில் ஒரேயொரு கிக்கோடு வெட்டிவிடு.