எஃப்5 அழுத்தினால் ஓடுகிறது, நிறுவினால் ஓடவில்லை

கேள்வி: விஎஸ் கோடு எடிட்டருக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் (கூடுதல் வசதி தரும் நிரல்) எழுதியிருக்கிறேன். சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) கோப்பின் பத்திகளை வரிசையாக அமைத்துத் தரும். என் எடிட்டரிலேயே சோதித்துப் பார்க்க எஃப்5 அழுத்தினால் நன்றாக ஓடுகிறது. நிறுவுவதற்கான விஎஸ்ஐஎக்ஸ் கோப்பாக்கி நண்பருக்குக் கொடுத்தால், கட்டளையின் பெயர் பட்டியலில் வருகிறது. தேர்ந்தெடுத்தால் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்கிறது. இதை எக்ஸ்டென்ஷன்கள் கிடைக்கும் மார்க்கெட்பிளேஸில் போடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பெரும்பாலும் கோளாறு உங்கள் நிரலில் இல்லை, அதைப் பேக்கேஜ் செய்த விதத்தில் இருக்கிறது.

கட்டளையின் பெயர் எக்ஸ்டென்ஷனின் விவரக் கோப்பான பேக்கேஜ்.ஜேசனிலிருந்து வருகிறது. அதனால் நிரல் ஓடாவிட்டாலும் பட்டியலில் தெரியும். அந்தக் கட்டளைக்கு உரிய வேலையைப் பதிவு செய்வதோ எக்ஸ்டென்ஷன் தொடங்கும்போது ஓடும் ஆக்டிவேட் ஃபங்ஷன். நீங்கள் பயன்படுத்தும் ஏதாவது ஒரு லைப்ரரி கிடைக்காவிட்டால், கோப்பு ஏறும்போதே நின்றுவிடும். ஆக்டிவேட் வரை போகாது. எஃப்5-ல் லைப்ரரிகள் இருக்கும் உங்கள் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டர் பக்கத்திலேயே இருப்பதால் இது வெளியே தெரிவதில்லை.

நண்பரின் கணினியில் அவுட்புட் பகுதிக்குப் போய் 'எக்ஸ்டென்ஷன் ஹோஸ்ட்' லாகைப் பார்க்கச் சொல்லுங்கள். 'கெனாட் ஃபைண்ட் மாட்யூல்' என்று இருந்தால், கிடைக்காத லைப்ரரியின் பெயரும் அங்கேயே இருக்கும். அது டெவ் டிபென்டென்சீஸ் (எழுதும்போது மட்டும் தேவைப்படுபவை) பட்டியலில் இருக்கிறதா? அப்படியானால் பேக்கேஜ் செய்யும் கருவியான விஎஸ்சிஇ அதைப் பேக்கேஜில் சேர்க்காது. அல்லது எதைச் சேர்க்கக் கூடாது என்று சொல்லும் விஎஸ்கோட்இக்னோர் கோப்பு நோட் மாட்யூல்ஸை மொத்தமாக விலக்கியிருக்கலாம். விஎஸ்ஐஎக்ஸ் ஒரு ஜிப் கோப்புதான். திறந்து பார்த்தால் எது இருக்கிறது, எது இல்லை என்று தெரிந்துவிடும்.

நான் பரிந்துரைப்பது இஎஸ்பில்ட் என்ற கருவி. எல்லாவற்றையும் ஒரே ஜாவாஸ்கிரிப்ட் கோப்பாகக் கட்டிவிடும். அப்புறம் நோட் மாட்யூல்ஸைத் தாராளமாக விலக்கலாம். 'விஎஸ்கோட்' மாட்யூலை மட்டும் எக்ஸ்டர்னல் (உள்ளே கட்டாமல் வெளியே விடுவது) என்று குறிப்பிட மறக்காதீர்கள். அதை எடிட்டரே தருகிறது. பேக்கேஜ்.ஜேசனின் 'மெயின்' புதிய கோப்பைக் காட்ட வேண்டும்.

இனி சோதனையை விஎஸ்ஐஎக்ஸை நிறுவியே செய்யுங்கள், அதுவும் வேறு எந்த எக்ஸ்டென்ஷனும் இல்லாத புது ப்ரொஃபைலில். லினக்ஸிலும் ஒருமுறை ஓட்டுங்கள்: கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறியிருந்தால் விண்டோஸ் கண்டுகொள்ளாது, லினக்ஸ் விடாது. பத்திகளை அமைக்கும் பகுதியை, 'விஎஸ்கோட்' மாட்யூலைத் தொடாத தனிக் கோப்பில் வையுங்கள். அதை எடிட்டரே இல்லாமல், ஜாவாஸ்கிரிப்டைத் தனியாக ஓட்டும் நோடில் நொடியில் சோதிக்கலாம். காலி வரி, மேற்கோளுக்குள் காற்புள்ளி போன்ற சிக்கல்கள் அங்கேதான் பிடிபடும்.

வெளியிடுவது எளிது. மார்க்கெட்பிளேஸில் பப்ளிஷர் கணக்கு திறந்து, விஎஸ்ஐஎக்ஸை அந்தப் பக்கத்திலேயே ஏற்றலாம். முதல் தடவைக்கு டோக்கன் (அனுமதிக் குறியீடு) எதுவும் தேவையில்லை. பப்ளிஷர் ஐடியைப் பின்னால் மாற்ற முடியாது, யோசித்து வையுங்கள். ஐகான் குறைந்தது 128 பிக்சல் பிஎன்ஜி, எஸ்விஜியை ஏற்காது. ரீட்மி கோப்புதான் உங்கள் விளம்பரப் பக்கம், அதில் ஒரு படமாவது இருக்கட்டும். விஎஸ் கோடின் திறமூல வடிவமான விஎஸ்கோடியம் பயன்படுத்துபவர்களுக்கும் கிடைக்க, எக்லிப்ஸ் ஃபவுண்டேஷன் நடத்தும் இன்னொரு எக்ஸ்டென்ஷன் தளமான ஓப்பன் விஎஸ்எக்ஸிலும் அதே கோப்பைப் போடுங்கள்.